கடலடியில் பழுது கண்ட கெல்வின்



பௌதிக வகுப்பில் கெல்வின் என்ற சொல்லைக் கேளாத மாணவர் நம்முள் எவரும் இல்லை. வெப்பநிலையின் அலகு என்று எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறோம். அது ஒரு மனிதரின் பட்டப்பெயர் என்பதோ, அந்தப் பட்டப்பெயரும் ஓர் ஆற்றின் பெயர் என்பதோ நம் நினைவில் நிற்பதில்லை. நானும் அவ்வாறே இருந்தேன். அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது வகுப்பறை அன்று. எங்கள் வாழைத் தோட்டத்தில் நின்றுபோன ஒரு தண்ணீர் மோட்டார்.

எங்கள் ஊர் திருப்புறம். நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாறு போகும் வழியில் இருப்பது. வீட்டுக்குள் தமிழும் வாசலுக்கு வெளியே மலையாளமும் பேசி வளர்ந்தவன் நான். எங்கள் கிணறு வீட்டருகே இல்லை. தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருக்கிறது. வீட்டிலிருந்து கிணற்றடி மோட்டாருக்கு 90 மீட்டர் வயர், தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்துக் கொண்டுபோயிருந்தோம். ஒரு கோடை நாளில் மோட்டார் ஓடவில்லை. வீட்டுப் பக்கம் மின்சாரம் இருந்தது. கிணற்றுப் பக்கம் இல்லை. வயரின் மேல்தோலோ ஒரு கீறலும் இன்றிப் பளபளத்தது. உள்ளே செம்பு எங்கேயோ அறுந்திருக்கிறது. எங்கே?

நான் அப்போது பட்டப்படிப்பில் முதலாண்டு முடித்தவன். அறிவு மிகுந்திருந்த பருவம். மெயினை நிறுத்திவிட்டுக் கத்தியை எடுத்து, எனக்குச் சந்தேகமாகப் பட்ட இடத்தில் வெட்டினேன். அங்கே பழுதில்லை. இன்னோர் இடத்தில் வெட்டினேன். அங்கும் இல்லை. மூன்றாவதாகவும் ஓர் இடத்தில் வெட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மாலையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, வயரிங் வேலை செய்பவர். மோட்டார் ஓடாததைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நல்ல வயரில் நான் செய்த மூன்று வெட்டுகளைப் பார்த்துத்தான் அவர் முகம் வாடியது. ஒவ்வோர் ஒட்டும் நாளைய பழுது என்பது அவர் கொள்கை. வெட்டியவற்றை எல்லாம் பொறுமையாக முறுக்கி, டேப் சுற்றி முடித்தபின், வயரின் இரு முனைகளையும் விடுவித்தார். பையிலிருந்து ஒரு சிறிய மீட்டரை எடுத்து வீட்டுப் பக்கம் இரண்டு கம்பிகளுக்கும் இடையே வைத்து ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டார். கிணற்றுப் பக்கம் போய் அங்கும் ஓர் எண்ணைக் குறித்தார். முதல் எண் இரண்டாவதைப் போல் நான்கு மடங்கு இருந்தது. 90 மீட்டரை ஐந்து கூறாக்கி நான்கு கூறு எடுத்தால் 72 மீட்டர். நாடாவைப் பிடித்து அளந்துகொண்டு போய் ஒரு தென்னையடியில் நின்றார். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் வயர் மடங்கி மடங்கி நிமிர்ந்த இடம் அது. அங்கே தோலை உரித்ததும், உள்ளே செம்பிழைகள் அறுந்து இரண்டு நுனிகளாக நின்றன.

அறுந்த கம்பி மின்சாரத்தை அப்பால் விடாது; ஆனால் அறுந்த இடம் வரையில் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். பக்கத்தில் நல்ல கம்பி, நடுவே உறை. ஆகவே அது ஒரு மின்தேக்கி. நீளம் கூடினால் கொள்ளளவு கூடும். மாமா அளந்தது அந்தக் கொள்ளளவை. தொழிலில் மூத்தவர் ஒருவரிடம் கற்றதாக அவர் சொன்னார். அந்த மூத்தவர் யாரிடம் கற்றார் என்று தேடிக்கொண்டு போனால், அந்தத் தேட்டம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் நடுவே ஒரு கப்பலில் முடிகிறது. பலர் கைபட்டு வளர்ந்த வித்தை இது. அவர்களில் தலையாய ஒருவரின் வரலாற்றையே இங்கே சொல்லப் புகுந்தேன்.

வில்லியம் தாம்ஸன் 1824-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ் தாம்ஸன் ஒரு சிறு விவசாயக் குடும்பத்திலே பிறந்து, தாமே கணிதம் கற்று, பேராசிரியராக உயர்ந்தவர். வில்லியமுக்கு ஆறு வயதானபோது தாய் இறந்துவிட்டார். பிள்ளைகளுக்குத் தந்தையே ஆசான். 1832-இல் தந்தைக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. குடும்பமே அங்கே குடியேறிற்று. பத்தாம் வயதிலே வில்லியம் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவராகப் பெயர் பதிந்துகொண்டார். நமக்கெல்லாம் அந்த வயதில் வாய்ப்பாடே தகராறு.

பதினாறு வயதை எட்டும் காலத்தில், பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே வெப்பத்தைப் பற்றி எழுதிய பெருநூல் அவர் கையில் கிடைத்தது. ஓர் இரும்புக் கோலின் ஒரு நுனியைச் சூடாக்கினால், அந்தச் சூடு எவ்வாறு மறுநுனிவரை மெல்ல மெல்லப் பரவுகிறது என்பதைக் கணித வடிவில் சொல்லும் நூல் அது. இரண்டு வாரத்தில் அதைப் படித்துத் தேர்ந்தார். அந்த நூலைக் குறை கூறியிருந்த ஒரு பேராசிரியருக்கு விடையாக, தம் பெயரை வெளியிடாமல் மூன்று எழுத்துக்களை மட்டும் இட்டு, 1841-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். இந்த ஃபூரியேயை வாசகர் மறந்துவிட வேண்டாம். இவர் தாம்ஸனின் வாழ்க்கையில் இரண்டு முறை திரும்பி வருகிறார். ஒரு முறை புகழைக் கொடுக்கிறார், மறுமுறை காலை வாருகிறார்.

கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் அவர் புத்தகப் பூச்சியாக இருக்கவில்லை. படகு வலித்துப் பரிசு வாங்கினார். கொம்பு வாத்தியம் ஊதினார். 1845-இல் கணிதத் தேர்வில் அவர்தாம் முதல்வராக வருவார் என்று எல்லோரும் எண்ணியிருக்க, இரண்டாவதாக வந்தார். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டே, 22 வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியரானார். அந்த நாற்காலியில் அவர் 53 ஆண்டுகள் அமர்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் ஒரு பழைய மதுக்கிடங்கைக் கேட்டு வாங்கி, மாணவர்கள் தம் கையாலேயே அளந்து பார்ப்பதற்கென ஒரு பரிசோதனைச் சாலை அமைத்தார். பிரிட்டனில் மாணவர்க்கென்று அமைந்த பௌதிகப் பரிசோதனைச் சாலைகளில் அதுவே முதன்மையானது என்பர். 1848-இல் அவர் வகுத்த தனி வெப்பநிலை அளவுமுறையைத்தான் நாம் கெல்வின் அலகாக இன்று கையாளுகிறோம். வெப்ப இயலில் அவர் செய்தவற்றை எல்லாம் எழுதப் புகுந்தால் இந்த இதழின் பக்கங்கள் போதா. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கிறேன்.

அக்காலத்தில் தந்திக் கம்பிகள் நிலத்தின்மேல் ஓடத் தொடங்கியிருந்தன. கடலுக்கடியில் கம்பி போட வேண்டுமானால் தண்ணீர் புகாத உறை வேண்டும். அதற்குக் கைகொடுத்தது மலேயாக் காடுகளில் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பிசின். வெந்நீரில் இளகும்; குளிர்ந்த நீரில் இறுகும்; கடலடியின் குளிரும் அழுத்தமும் அதற்கு நன்மையே செய்யும். நம்மவர்கள் பின்னாளில் ரப்பர் மரம் கீறப் போன அதே மலேயா.

ஆனால் உறையிட்ட கடல் கம்பியில் ஒரு புதுமை தென்பட்டது. நிலத்துக் கம்பியில் சட்டென்று போய்ச் சேரும் சைகை, கடல் கம்பியில் இழுபட்டு, மழுங்கி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், நடுவே கட்டாபெர்ச்சா. இது நீண்டு கிடக்கும் ஒரு லைடன் ஜாடி என்று ஃபாரடே 1854-இல் விளக்கினார். கம்பி முழுதும் மின்னூட்டத்தால் நிரம்பிய பின்னரே மறுமுனையில் சைகை முழுமையாகத் தெரியும். எங்கள் தோட்டத்து வயரில் மாமா அளந்த கொள்ளளவும் இதுவே.

அந்த ஆண்டே தாம்ஸன் இதற்குக் கணிதம் கண்டார். கம்பியில் மின்சாரம் பரவுவதும் இரும்புக் கோலில் சூடு பரவுவதும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்குகின்றன என்பது அவருக்கு விளங்கிற்று. சிறுவயதில் படித்த ஃபூரியே வந்து உதவினார். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே அட்லாண்டிக்கைக் கடக்கும் கம்பிக்குத் தடித்த செம்பு வேண்டும், தூய செம்பு வேண்டும், கனத்த உறை வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார்.

இங்கேதான் சண்டை தொடங்கிற்று. அயர்லாந்தின் வாலன்ஷியாவுக்கும் வட அமெரிக்காவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கேபிள் போட 1856-இல் ஒரு கம்பெனி அமைந்தது. அதன் மின்துறைத் தலைவர் வைட்ஹவுஸ் என்பவர். தொழிலால் அறுவை மருத்துவர். மின்சாரத்தைத் தம் ஆர்வத்தாலே கற்றவர். தாமதம் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற விதியை அவர் ஏற்கவில்லை. மெல்லிய கம்பியே போதும், மின்னழுத்தத்தை வேண்டிய மட்டும் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. தாம்ஸன் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்தும், அவர் சேர்ந்தபோது கேபிளுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பு, அவ்வளவே.

இருக்கிற கம்பியையாவது சோதிப்போம் என்று தாம்ஸன் துண்டுகளைத் தம் மதுக்கிடங்குச் சாலைக்குக் கொண்டுவந்து அளந்தார். செம்பு என்று ஒரே பெயரில் விற்கப்பட்டவை, மின்சாரத்தைக் கடத்துவதில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன! அதுவரை அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. அன்றுமுதல் தொழிற்சாலையிலேயே கம்பியை அளந்து வாங்கும் வழக்கம் வேரூன்றிற்று. பின்னாளில் கடலடியில் பழுது தேட இது எத்துணை உதவிற்று என்பதைச் சிறிது நேரத்தில் காண்போம். ஒரு மைல் கம்பிக்குத் தடை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாதவன், பழுது எத்தனையாவது மைலில் என்று எப்படிச் சொல்ல முடியும்?

1857 ஆகஸ்டில் முதல் முயற்சி. முந்நூற்றுக்கு மேற்பட்ட மைல் போட்டபின் கேபிள் அறுந்து ஆழ்கடலில் மறைந்தது. 1858 ஜூனில் இரண்டாவது பயணம். வைட்ஹவுஸ் உடல்நலம் இல்லை என்று கரையில் தங்கிவிட்டார். அவருடைய பொறுப்பை ஊதியமின்றி ஏற்று, தாம்ஸன் அகமெம்னான் என்னும் போர்க்கப்பலில் ஏறினார். அகமெம்னான் புயலில் அகப்பட்டு மூழ்காமல் தப்பியதே பெரிது. கேபிள் பலமுறை அறுந்தது. கடைசியில், ஜூலை மாதக் கடைசியில், நடுக்கடலில் இரண்டு கப்பல்களின் கேபிள்களையும் இணைத்து, ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் சென்று, ஆகஸ்ட் 5-ஆம் நாள் இரு கரைகளும் ஒன்றுபட்டன.

அந்தப் பயணத்துக்காகத் தாம்ஸன் ஒரு கருவியைச் செய்திருந்தார். அவருடைய கண்ணாடியின் வில்லையில் பட்ட ஒளி சுவரில் ஆடியதைக் கண்டு இந்த எண்ணம் உதித்தது என்று ஒரு கதை உண்டு. நூல்போன்ற பட்டிழையில் தொங்கும் ஒரு சிறு கண்ணாடி. அதன் முதுகில் ஒட்டிய மிகச் சிறு காந்தங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு குன்றிமணி எடைக்கும் குறைவு. சுற்றிலும் கம்பிச் சுருள். மிக நுண்ணிய மின்னோட்டம் வந்தாலும் கண்ணாடி இம்மியளவு திரும்பும். அதில் பட்டுத் தெறிக்கும் விளக்கொளி தொலைவிலுள்ள அளவுகோலில் விரற்கணக்கில் நகரும். எடையே இல்லாத ஒளிக்கதிரை முள்ளாகக் கொண்ட தராசு என்று இதைச் சொல்லலாம். ஓடும் கப்பலின் ஆட்டத்திலும் அது வேலை செய்தது. கண்ணாடிக் கால்வனாமீட்டர் என்பது அதன் பெயர். நம் பரிசோதனைச் சாலைகளிலும் அதன் வழிவந்தவற்றைக் காண்கிறோம்.

கரையில் வைட்ஹவுஸ் கேபிளைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டார். ஐந்தடி நீளமான தூண்டு சுருள்களால் சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தைக் கேபிளுக்குள் செலுத்தினார். அவருடைய சொந்தக் கருவியில் செய்தி சரியாக விழவில்லை. தாம்ஸனின் கண்ணாடியைக் கொண்டு செய்தியை வாங்கிவிட்டு, தம் கருவியில் வந்ததுபோல் காட்டினார். விக்டோரியா ராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. அப்படியும் இரு நாடுகளிலும் கொண்டாட்டம்.

இந்தக் கேபிளின் கடைசி நாட்களில் சென்ற ஒரு செய்தி நம் நாட்டைப் பற்றியது. 1857-இல் இந்தியாவில் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடக்கக் கனடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகள் புறப்பட இருந்தன. கிளர்ச்சி ஓய்ந்துவந்ததால் அவை வரவேண்டா என்று லண்டன் கேபிள் மூலம் தடுத்துவிட்டது. அரசாங்கத்துக்கு 50,000 பவுனுக்குக் குறையாமல் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். யாருக்கு மிச்சம், யாருக்கு நட்டம் என்பது வேறு கணக்கு.

செப்டம்பர் தொடக்கத்தில் கேபிள் ஊமையாயிற்று.

இப்போது பாருங்கள், எங்கள் தோட்டத்தில் நான் நின்ற நிலையில் ஒரு பெரிய கம்பெனி நின்றது. இரண்டாயிரம் மைல் கேபிள், எல்லாம் கடலுக்கடியில், உள்ளே எங்கேயோ பழுது. கரையோரத்தில்தான் பழுது என்று நம்பிய வைட்ஹவுஸ் துறைமுகத்தில் கேபிளைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார். நான் கத்தி எடுத்ததற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. இயக்குநர்கள் அவரை நீக்கிவிட்டார்கள். தாம்ஸனும் வார்லி என்னும் தந்திப் பொறியாளரும் கேபிளைத் தூக்கவில்லை, வெட்டவில்லை. வாலன்ஷியா முனையில் கருவியை வைத்து அளந்தார்கள்.

இது எங்கள் வயரில் நேர்ந்ததைப் போன்ற பழுது அன்று. அங்கே செம்பு அறுந்து உறை முழுதாயிருந்தது. இங்கே உறை கெட்டு, செம்பிலிருந்து மின்சாரம் கடலுக்குள் கசிந்தது. செம்பு அறுந்தால் கொள்ளளவை அளக்க வேண்டும். உறை கெட்டால் தடையை அளக்க வேண்டும். மின்சாரம் கரையிலிருந்து பழுதுவரை சென்று, அங்கே கடலில் இறங்கி, நீர்வழியே திரும்பிவிடுகிறது. அந்த வழியின் தடையை அளந்து, ஒரு மைலின் தடையால் வகுத்தால் பழுது எத்தனையாவது மைலில் என்று தெரியும். சொல்வது எளிது. பழுதுபட்ட வாயும் தன் பங்குக்கு ஒரு தடையைச் சேர்க்கும். அந்தத் தடையும் நிலையாக நில்லாது, மின்சாரம் பாயப் பாய மாறும். ஆகவே கிடைக்கும் எண் பழுதுக்கு அப்பால் போகாத எல்லையைத்தான் காட்டும். மெய்யான இடம் அதற்கு இப்புறம் இருக்கும். இதை எல்லாம் எண்ணிப் பார்த்து, பழுது கரையோரத்தில் அன்று, 300 மைலுக்கு உட்பட்ட தொலைவில், ஆழ்கடலில் என்று அவர்கள் முடிவு கூறினார்கள். எடுத்துச் சரிசெய்ய முடியாத ஆழம். கேபிளைக் கைவிட்டார்கள்.

பின்னர் விசாரணைக் குழு அமைந்து 1861-இல் அறிக்கை வெளிவந்தது. 2,000 வோல்ட் அழுத்தம் குற்றவாளிகளில் ஒன்று. ஆனால் வைட்ஹவுஸ் ஒருவர் தலையிலேயே எல்லாப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது என்பது என் கருத்து. அவசரத்தில் செய்த கேபிள். பலமுறை சுருட்டி, பிரித்து, வெயிலில் கிடத்தியது. சில இடங்களில் செம்பு உறையின் நடுவே நில்லாமல் ஓரத்துக்கு வந்திருந்தது. முன்பே இருந்த புண்ணை அழுத்தம் பெரிதாக்கிவிட்டது என்பதே பொருந்தும்.

அந்த விசாரணைக் காலத்தில் வேறொரு குறையும் வெளிப்பட்டது. ஒருவர் அளந்த தடையை மற்றொருவர் புரிந்துகொள்ளப் பொது அலகே இல்லை! ஒருவர் ஒரு தடிமனுள்ள செம்புக் கம்பியின் மைலைச் சொல்வார். மற்றொருவர் இன்னொன்றைச் சொல்வார். தாம்ஸனின் தூண்டுதலால் 1861-இல் பிரிட்டிஷ் சங்கம் மின் அலகுகளுக்கென ஒரு குழுவை நியமித்தது. நாம் பரீட்சைக்காக உருப்போடும் ஓம் அந்தக் குழுவின் உழைப்பில் பிறந்தது. கடலடிப் பழுதைத் தேடியவர்களின் தேவையும் அதன் பிறப்புக்கு ஒரு காரணம் என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை.

இதற்கிடையே 1860-ஆம் ஆண்டுக் கடைசியில் பனிக்கட்டிமேல் விளையாடும்போது விழுந்து தாம்ஸனின் கால் முறிந்தது. ஆயுள் முழுதும் சிறிது நொண்டியே நடந்தார். அந்தக் காலோடுதான் 1865-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் ஏறினார். அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல் அது. கேபிள் முழுவதையும் ஒன்றே சுமந்தது. இம்முறை கடல் மைலுக்கு 300 பவுண்டு செம்பு, 400 பவுண்டு கட்டாபெர்ச்சா. பத்தாண்டுகளுக்கு முன் அவர் கேட்டது கிடைத்துவிட்டது.

ஜூலை 23-இல் புறப்பட்டார்கள். மறுநாளே கால்வனாமீட்டரின் ஒளி அளவுகோலைவிட்டு ஓடிற்று, எங்கேயோ கசிவு. போட்ட கேபிளை மைல் மைலாகத் திரும்ப இழுத்துப் பார்த்தால், இரண்டு அங்குல நீளமுள்ள ஒரு கம்பித் துண்டு உறையைத் துளைத்துச் செம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெட்டி ஒட்டி மேலே சென்றார்கள். 29-ஆம் நாள் மீண்டும் அதேபோல் ஒரு கம்பி. யாரோ வேண்டுமென்றே குத்துகிறார்கள் என்ற ஐயம் கப்பலெங்கும் பரவிற்று. கேபிள் தொட்டியில் காவல் போட்டார்கள். நல்ல மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆகஸ்ட் 2-ஆம் நாள் மூன்றாவது பழுது. இழுக்கும்போது கேபிள் அறுந்து, இரண்டு மைலுக்கும் அதிகமான ஆழத்தில் போய் விழுந்தது. சுமார் 1,200 மைல் போட்டாகிவிட்டிருந்தது. கொக்கி போட்டுத் தேடியும் மேலே கொண்டுவர முடியவில்லை. குற்றவாளி எந்த மனிதரும் அல்லர். கேபிளின் மேலுள்ள இரும்புக் கவசக் கம்பியே ஒடிந்து, மேலிருந்த சுமையால் அழுத்துண்டு உள்ளே குத்தியிருக்கிறது.

மறு ஆண்டு மீண்டும் புறப்பட்டார்கள். வில்லபி ஸ்மித் வகுத்த முறைப்படி, கேபிள் இறங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கணமும் கப்பலில் உறையின் நலத்தைக் கண்ணாடிக் கால்வனாமீட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்; நோயாளியின் நாடியைக் கைவிடாமல் பிடித்திருக்கும் வைத்தியரைப் போல. 1866 ஜூலை 27-இல் கேபிள் நியூஃபவுண்ட்லாந்துக் கரை ஏறிற்று. அதோடு நில்லாமல் நடுக்கடலுக்குத் திரும்பிச் சென்று, முந்திய ஆண்டு தொலைத்த கேபிளையும் கொக்கியிட்டுத் தூக்கி, மீதியை இணைத்து அதையும் கரை சேர்த்தார்கள். ஒன்றுக்கு இரண்டு கேபிள்!

அப்போது லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் வாலன்ஷியாவில் ஒரு வேடிக்கை செய்தார். நியூஃபவுண்ட்லாந்தில் இரண்டு கேபிள்களின் முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். போகவர மொத்தம் 3,700 மைல் கம்பி ஆயிற்று. தையற்காரர் விரலில் மாட்டும் வெள்ளிக் குப்பி ஒன்றில் சில துளி அமிலமும் ஒரு சிறு துத்தநாகத் துண்டும் இட்டார். அந்தக் குப்பி மின்கலத்திலிருந்து சென்ற மின்சாரம் சமுத்திரத்தை இரண்டு முறை கடந்து திரும்பி வந்து, தாம்ஸனின் கண்ணாடியைத் திருப்பிற்று. எட்டாண்டுகளுக்கு முன் 2,000 வோல்ட் தட்டுத் தடுமாறிய இடம் அது. இந்த நிகழ்ச்சியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் நூலகத்தின் சன்னலோரம் நின்றேன்.

தாம்ஸன் 1866-இல் சர் வில்லியம் ஆனார். செய்தியைத் தானே மையால் காகிதத்தில் எழுதும் கருவியை அடுத்த ஆண்டில் அமைத்தார். வார்லியோடும் ஜென்கின் என்பவரோடும் கூட்டுச் சேர்ந்து காப்புரிமைகளால் பெரும்பொருள் ஈட்டினார். 126 டன் படகு ஒன்றும் வாங்கினார். 1870-இல் கிரேட் ஈஸ்டர்ன் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கேபிள் போட்டது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கேபிள் சென்றது. நம்மவர் கடல்கடந்து சென்ற அதே வழியில் தந்தியும் சென்றது.

அவருடைய முதல் மனைவி மார்கரெட் நெடுநாள் நோயுற்றிருந்து 1870-இல் காலமானார். 1873-இல் பிரேசில் கேபிளுக்காகச் சென்ற கப்பல், கேபிளில் பழுது கண்டதால் மதீராத் தீவில் 16 நாள் நிற்க நேர்ந்தது. அங்கே பிளாண்டி என்பவரின் குடும்பத்தோடு பழக்கம் உண்டாயிற்று. அந்த வீட்டுப் பெண்களுக்கு விளக்கொளியால் தந்திச் சைகை பேசக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டு தம் படகிலே மீண்டும் சென்று, கடலிலிருந்தே சைகையால் பிளாண்டியின் மகள் ஃபானியை மணம் கேட்டதாகவும், அவர் சைகையாலேயே சம்மதம் தெரிவித்ததாகவும் சொல்வர். 1874-இல் திருமணம் நடந்தது. ஒரு கேபிள் பழுதினால் விளைந்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஃபூரியே காலை வாரிய கதை. சூடு பரவும் அதே கணிதத்தைக் கொண்டு, உருகிய கோளமாக இருந்த பூமி இன்றைய நிலைக்குக் குளிர எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று தாம்ஸன் 1862-இல் கணக்கிட்டார். சுமார் 10 கோடி ஆண்டு என்று வந்தது. பின்னாளில் அதை 2 முதல் 4 கோடியாகக் குறைத்தார். பாறைகளையும் உயிர்களின் வளர்ச்சியையும் ஆராய்ந்தவர்கள், இவ்வளவு குறுகிய காலம் போதாதே என்று தவித்தார்கள். அவர் இறங்கி வரவில்லை. கணக்கில் பிழை இல்லை. கணக்குக்கு அடியில் வைத்த எண்ணத்தில் இருந்தது பிழை. பூமியின் உட்பகுதி அசையாத திடப்பொருள் என்று கொண்டதை, ஒருகாலத்தில் அவருக்கே உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-இல் எடுத்துக்காட்டினார். உள்ளே வெப்பம் புரண்டு மேலெழுமானால் விடை பன்மடங்கு நீளும் என்றார். பூமிக்குள் கதிரியக்கம் வெப்பம் தருகிறது என்பதும் பிறகு தெரிந்தது. இன்று பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். கடலடியில் கிடந்த கேபிளின் பழுதைக் கரையிலிருந்தே கண்டவருக்குத் தம் கணக்கின் அடியில் கிடந்தது தெரியாமல் போயிற்று. அவரை நான் குறைவாக மதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறைத்துவிட்டு எழுதினால் வாழ்க்கை வரலாறு ஆகாது.

1892-இல் அவர் கெல்வின் பிரபு ஆனார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பக்கத்திலே ஓடும் சிற்றாற்றின் பெயர் கெல்வின். 1899-இல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். பெற்றவுடன், 75 வயதில், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் என்று பெயர் பதிந்துகொண்டார்! 1904-இல் அதன் வேந்தருமானார். 1907 டிசம்பர் 17-இல் காலமானார். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

சென்ற ஓணம் விடுமுறையில் இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். திண்ணையில் அமர்ந்து, ஒரு மின்விசிறியின் வயரை விரல்களால் நீவிப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். 2,000 வோல்டைப் பற்றிச் சொன்னபோது நாக்கைச் சப்புக் கொட்டினார். வெள்ளிக் குப்பியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். எல்லாம் கேட்டுமுடித்து, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். 1858-இல் கெட்ட அந்தக் கேபிளில், அவர்கள் அளந்து சொன்ன இடத்தில்தான் பழுது இருந்ததா, எடுத்துப் பார்த்தார்களா என்று.

இல்லை, அந்த இடத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை, இன்னும் கடலடியில்தான் கிடக்கிறது என்றேன். அவர் வயரை நீவிக்கொண்டே, பூவாற்றுக் கடல் இருக்கும் திசையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.